சிவப்பு எரிந்ததா?

அத்தியாயம் 9

"ஒன்பதரைக்குத்தானேப்பா வரச் சொன்னாங்க?"

"ஒன்பதரைன்னா ஒன்பது."

பட்டாளத்தார் எட்டு மணிக்கே சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, பூட்ஸ் கயிற்றை இரட்டை முடிச்சாகக் கட்டி, வாசலில் நின்றுவிட்டார். எழுபத்தோரு வயது. இருபத்திரண்டு நாளைக்கு முன்புவரை அந்த முதுகு எதன்மேலும் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

உள்ளே மகள் டார்ச்சையும் திருப்புளியையும் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவள் என்பதால் ஊருக்கே அவள் கரண்டு அக்கா. பைக்குள் கை விட்டபோது அந்தச் சின்ன அட்டைப்பெட்டி தட்டுப்பட்டது. பிரிக்காத புது லைட் சுவிட்ச். இருபத்திரண்டு நாளாக அதை வெளியே எடுக்கவும் மனமில்லை, தூக்கி எறியவும் மனமில்லை.

போன வாரம் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். லாரிக்காரரின் மனைவி. அழுவாள், காலில் விழுவாள், இல்லை மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் நினைத்தபோது, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாள்.

"உங்க ஜீப்புல பின்னாடி சிவப்பு எரிஞ்சுதா? எரியவே இல்லைன்னு எங்க வீட்டுக்காரர் சத்தியம் பண்றாரு."

அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ரேடியோ இருந்திருந்தால் இந்த மௌனத்தை ஒரு நிமிஷம்கூடப் பொறுத்திருக்கமாட்டான். கரண்டு அக்காவின் ஒரே தம்பி. பிறந்ததிலிருந்து வாய் மூடியதில்லை, அதனால் ரேடியோ. ராணுவம் கழித்துப் போட்ட ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, ஊருக்குள் ஓட்டுகிற மாதிரி மாற்றி விற்பது இவர்கள் தொழில். இன்ஜின் அப்பா பொறுப்பு, கரண்டு அக்கா பொறுப்பு. பேச வேண்டிய இடத்திலெல்லாம் தம்பி. வாங்க வருகிறவர் கதவைத் திறப்பதற்குள் அவர் பேரப்பிள்ளைகளின் வயதைக் கேட்டு முடித்திருப்பான்.

அப்படி விற்ற ஒரு ஜீப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போன வழியில்தான், ஒரு வளைவில் குறுக்கே வந்த சைக்கிளுக்காகப் பிரேக் அடித்தான். பின்னால் செங்கல் ஏற்றிய லாரி. பட்டப்பகல்.

இன்று அந்த ஜீப்பை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிக்கப் போகிறார்.

"அக்கா." சமையலறை வாசலில் தம்பி மனைவி நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள், வீட்டிலும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். "ஒண்ணு விடாம பாக்கச் சொல்லுங்க. அவன் தப்பிச்சிடக் கூடாது."

வேலைக்காரியைக்கூட 'வாங்க, போங்க' என்பவள். இந்த 'அவன்' அவள் வாயில் புதிதாகக் குடியேறிய சொல். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள் என்பது கரண்டு அக்காவுக்குத் தெரியும். அதைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆவாள் என்பதுதான் தெரியவில்லை.

"நீ சாப்பிட்டுப் படு. நாங்க மத்தியானம் வந்துடுவோம்."

பட்டறையில் மூன்று ஜீப் நின்றும், அப்பாவும் மகளும் பஸ்ஸில் போனார்கள்.

பாதி வழியில் பட்டாளத்தார் தானாக ஆரம்பித்தார்.

"எரிஞ்சுது அம்மாடி. நான் கண்ணால பாத்தேன்."

"தெரியும்பா."

"தம்பி உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சான். நான் பின்னாடி நின்னேன். 'சிவப்பு'ன்னு கத்தினேன். மூணு தடவை."

அது பட்டறையின் சட்டம். ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று 'சிவப்பு!' என்று சத்தம் கொடுக்காமல் எந்த வண்டியும் வெளியே போகாது.

ஆனால் இன்னொரு சட்டமும் உண்டு. அதைத்தான் அன்றைக்கு மீறினார்கள்.

ராணுவ ஜீப்பின் லைட் சுவிட்ச், ஊர் வண்டியின் சுவிட்ச் மாதிரி கிடையாது. ஒரு வட்டத் தகட்டில் மூன்று கைப்பிடிகள். எதிரி விமானம் மேலே பறக்கும்போது கீழே ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியக் கூடாது என்பதற்காகச் செய்தது. பெரிய கைப்பிடி 'ஆஃப்'பில் இருந்தால், பிரேக்கை எத்தனை முறை மிதித்தாலும் பின்னால் சிவப்பு எரியாது. பகலில் எரிய வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள குட்டிப் பூட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய கைப்பிடியை ஒரு படி நகர்த்தி வைக்க வேண்டும்.

ஊரில் ஓட்டுகிற எவனுக்கு இது தெரியும்? அதனால், வந்த வண்டியில் முதல் வேலையாக அந்தச் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, சாதாரணச் சுவிட்ச் போடுவாள் கரண்டு அக்கா.

"அப்பா, நம்ம வண்டியை எந்த எதிரியும் பாக்கப்போறதில்லை. டிராஃபிக் போலீஸ்தான் பாக்கப்போறான்" என்று ரேடியோ கிண்டல் செய்வான்.

அன்றைக்குப் புதுச் சுவிட்ச் கையிருப்பில் இல்லை. வாங்க டவுனுக்குப் போனவள், போன கையோடு பக்கத்துத் தெருவில் கண்ணையும் காட்டிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். ஒயர் நிறம் மங்கலாகத் தெரிந்து ரொம்ப நாளாயிற்று. கண்ணாடிக்கு அளவெடுத்துத் திரும்பியபோது ஜீப் போய்விட்டிருந்தது. வாங்கியவர் மாட்டு டாக்டர். மத்தியானத்துக்குள் வேண்டுமென்று நாலு போன் போட்டாராம். 'நான் பாத்து அனுப்பறேன்' என்று பட்டாளத்தாரே அனுப்பிவிட்டார்.

அந்தக் கண்ணாடியைத்தான் இப்போது போட்டிருக்கிறாள். எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது.

கைப்பிடி சரியான படியில் இருந்திருந்தால் லாரிக்காரர் பொய்யர். ஆஃப்பில் இருந்திருந்தால், தம்பியைக் கொன்றது இந்த வீடு. இருபத்திரண்டு நாளாக அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். அப்பா பார்த்திருக்கிறார்.

*

காவல் நிலையத்துப் பின்கட்டில் பிடிபட்ட வண்டிகள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. சுற்றுச்சுவர் ஓரம், தரையில் ஒரு செய்தித்தாளை விரித்து லாரிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள். வணங்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஜீப் ஒரு மூலையில் கிடந்தது.

மாட்டு டாக்டருக்காக வெள்ளையடித்த ஜீப். நசுங்கிய இடங்களிலெல்லாம் வெள்ளை உரிந்து, அடியிலிருந்து பழைய ராணுவப் பச்சை எட்டிப் பார்த்தது. இடப் பக்கப் பின்பகுதி முன் இருக்கைவரை வந்திருந்தது. வலப் பக்கத்து விளக்கு மட்டும் கண்ணாடி உடையாமல், ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.

பட்டாளத்தார் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

"வாங்கம்மா வாங்க, கரண்டு அக்காதானே? என் வண்டியே உங்க பட்டறை தயவுலதான்..." ஆய்வாளர் தும்மினார். "ஓடுது. மன்னிச்சுக்குங்க, இங்க வந்தாலே தூசு. பதினேழு வருஷமா தும்மிக்கிட்டேதான் சம்பளம் வாங்கறேன்."

ஆள் நல்லவர். வேலையும் தெரிந்தவர். பிரேக் எண்ணெய் பார்த்தார், டயர் பார்த்தார், வலப் பக்க விளக்கைக் கழற்றி பல்பை ஒரு காகித உறைக்குள் போட்டார். ஒயரை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மீட்டரில் சோதித்துத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பல்பு நல்லா இருக்கு. ஒயர் அறுபடலை. லாரிக்காரர் சிவப்பே எரியலைங்கறாரு. பின்னாடி இடிச்சவன் எல்லாரும் சொல்றதுதான் அது." மறுபடி தும்மல். "உள்ள ஒரு தடவை பாத்துடுவோம்."

கதவில்லாத பக்கமாக டார்ச் அடித்தார். வெளிச்சம் ஸ்டியரிங்கைத் தாண்டி அந்த வட்டத் தகட்டில் விழுந்தது.

கரண்டு அக்கா பார்த்தாள்.

பெரிய கைப்பிடி ஆஃப்பில் இருந்தது.

"லைட் ஆஃப்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் ஆய்வாளர். "பகல்தானே, லைட் எதுக்கு. சரியாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். அவர் கண்ணுக்கு அது ஒரு லைட் சுவிட்ச். உலகத்தில் யார் வந்து பார்த்தாலும் அது ஒரு லைட் சுவிட்ச்தான். அந்தப் பின்கட்டில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. அவர் கண்ணும் அந்தத் தகட்டில்தான் இருந்தது. அவருடைய வலது கை தானாக ஒருமுறை அசைந்தது. எதையோ கீழே இறக்குகிற மாதிரி.

அந்த அசைவைப் பார்த்ததும் கரண்டு அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"உங்க வாக்குமூலம்தாம்மா பாக்கி." ஆய்வாளர் பேனாவை உதறினார். "ஒயரிங் பாத்தவங்க நீங்க. பிரேக் லைட் வேலை செஞ்சுதுன்னு ஒரு வரி, ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

"எனக்கு... கொஞ்சம் தண்ணி குடிக்கணும் சார்."

"போய்ட்டு வாங்க. நானும் மூக்கைக் கழுவிட்டு வரேன்."

*

தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சக்கரமில்லாத ஒரு வேன் நின்றது. அதன் மறைவில் பட்டாளத்தார் குந்தி உட்கார்ந்துவிட்டார். பூட்ஸ் போட்ட காலோடு அவர் குந்தி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"சோதிச்சது ஷெட்டுக்குள்ள" என்றார். "அப்போ கைப்பிடி சரியாத்தான் இருந்துது. நான்தான் வெச்சேன். எரிஞ்சுது. சத்தியமா எரிஞ்சுது அம்மாடி."

"அப்புறம்?"

"ஷெட்டுல மத்த வண்டி குறுக்க நின்னுது. அவன் இடிச்சுடுவான்னு நானே கேட்வரைக்கும் ஓட்டிக்கிட்டு வந்தேன். நிறுத்தினேன்." அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "முப்பது வருஷம். வண்டியை நிறுத்தினா எல்லாச் சுவிட்சையும் இறக்கிட்டுத்தான் இறங்கணும். மறந்தா தண்டனை. நான் ஒரு நாளும் மறந்தது இல்லை."

"அப்பா..."

"அன்னிக்கும் மறக்கலை."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்டு அக்கா அதை இறுக்கி மூடினாள். அப்போதும் சொட்டியது.

"அவன் ஏறி உக்காந்தான். 'போய்ட்டு வரேன் கர்னல்'னு சல்யூட் அடிச்சான். நான் எந்த ஜென்மத்துல கர்னல்? சிரிச்சேன். கைப்பிடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. சோதிச்சாச்சேன்னு மனசு நிம்மதியா இருந்துது."

அவனுக்குத் தெரிய நியாயமில்லை. அவன் கைக்கு வந்த வண்டியிலெல்லாம் அந்தச் சுவிட்சை அக்கா மாற்றியிருப்பாள். இந்த ஒன்றைத் தவிர.

"அந்தச் சுவிட்சை நான் மாத்தியிருக்கணும்" என்றாள்.

"நீ வர்றவரைக்கும் நான் பொறுத்திருக்கணும்."

அவள் கைப்பைக்குள் அந்த அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எனக்கு ஜெயில் பயம் கிடையாது" என்றார் பட்டாளத்தார். "நாளைக்கே போறேன். ஆனா அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேணாம். டீச்சருக்கு. அவ தினம் என் தட்டுல சோறு போடறா, அம்மாடி. 'மாமா, இன்னும் கொஞ்சம்'னு சொல்லிப் போடறா. புருஷனைக் கொன்னவன் கைக்கா சோறு போட்டேன்னு அவ நினைக்கிற நாள்ல நான் இருக்கக் கூடாது."

"அப்போ லாரிக்காரரு?"

"நல்ல வக்கீலா வெப்போம். வெளியில எடுத்துடுவோம். என்னென்ன பண்ணணுமோ பண்ணுவோம். இதை மட்டும் சொல்லாதே. உன்னை இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை நான்."

உண்மைதான். வாழ்நாளில் அவர் மகளிடம் கேட்ட முதல் வரம் இது. கல்யாணம் முறிந்து அவள் பெட்டியோடு வந்து நின்ற நாளில்கூட ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. 'உன் மேஜை உன் இடத்துலேயேதான் இருக்கு, வேலையைப் பாரு' என்றார். அவ்வளவுதான்.

வேனின் உடைந்த ஜன்னல் வழியாக அந்தப் பெண் தெரிந்தாள். செய்தித்தாளின்மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டு அக்கா குனிந்து அப்பாவின் தோளைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"அம்மாடி!"

அவள் நிற்கவில்லை.

*

"எரியலை சார்."

ஆய்வாளர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"என்னம்மா?"

"பிரேக் லைட் எரிஞ்சிருக்காது. அது வெறும் லைட் சுவிட்ச் இல்லை. அந்தக் கைப்பிடி அங்க இருந்தா பிரேக் லைட்டுக்குக் கரண்டே போகாது. ராணுவச் சுவிட்ச். ஊர் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னால நான் மாத்தியிருக்கணும். மாத்தலை."

அவர் அவளையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இடிச்ச வேகத்துல கைப்பிடி நகர்ந்திருக்கலாமே. கீழ இறங்கறது சுலபம்தானே? யோசிச்சுச் சொல்லுங்க. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்."

வழி காட்டுகிறார். கதவைத் திறந்தும் வைக்கிறார்.

"பல்பைப் பாருங்க சார்" என்றாள். "எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது இப்படி ஒரு இடி வாங்கியிருந்தா, சூட்டுல இருக்கிற கம்பி இழுபட்டுத் தொய்ஞ்சு போயிருக்கும். உங்களுக்குத் தெரியாதது இல்லை."

ஆய்வாளர் உறையைப் பிரித்து, பல்பை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அவள் புதுக் கண்ணாடிக்கு அது கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. உள்ளே மயிரிழைக் கம்பி, கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே, நேராக, சுத்தமாக இருந்தது. அது அன்று எரியவே இல்லை.

அவர் ரொம்பநேரம் தும்மவில்லை.

"கடைசியா வண்டியை யார் தொட்டது?"

"நான்."

பட்டாளத்தார் வந்து நின்றிருந்தார். கதவு நிலையோ சுவரோ இல்லாமல், தனியாக, நேராக.

"சுவிட்சை இறக்கினது நான். எழுதிக்குங்க. பொண்ணு மேல ஒண்ணும் இல்லை, அவ அன்னிக்கு ஊர்லயே இல்லை." மகள் பக்கம் அவர் திரும்பவில்லை. "நீ வீட்டுக்குப் போ. நான் எழுதிக் கொடுத்துட்டு வரேன். டீச்சர்கிட்ட நானே சொல்வேன். நான் வர்றவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

கடைசி வார்த்தைகளில் அவருடைய பழைய அதட்டல் இருந்தது. அதற்காகவே அவளுக்குக் கண் நிறைந்தது.

வெளியே வந்தபோது லாரிக்காரரின் மனைவி வழியில் நின்றாள்.

"எரியலைங்க" என்றாள் கரண்டு அக்கா. "உங்க வீட்டுக்காரர் சொன்னது நிஜம். எழுதிக் கொடுத்துட்டோம்."

நன்றி சொல்லுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இதையும் எதிர்பார்க்கவில்லை.

"இதைச் சொல்றதுக்கு இருபத்திரண்டு நாளா?" என்றாள் அந்தப் பெண். செய்தித்தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஜெயில்ல தூக்கத்துல காலால பிரேக்கை மிதிக்கிறாராம். பக்கத்துல படுத்திருக்கிறவங்க அடிக்கிறாங்களாம். போன வாரம் பாத்தப்போ சொன்னாரு."



*

வீடு வந்தபோது மணி மூன்று. டீச்சர் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கையில் சிவப்புப் பேனா. திருத்துவதுபோல் இருந்தது. கிட்டத்தில் போனால், முதல் தாளில் முதல் கணக்குக்கே இன்னும் குறி போடவில்லை.

"மாமா எங்க?"

"வருவாரு. கொஞ்சம் எழுத்து வேலை."

"பாத்தாங்களா?"

"ம்."

கரண்டு அக்கா சமையலறைக்குள் போய், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தை எடுத்து, கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். பின்னாலேயே வந்து நின்றாள் டீச்சர்.

"அக்கா. சிவப்பு எரிஞ்சுதாமா?"

வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் அப்பா. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்கக்கா."

"அப்பா வரட்டும் டீச்சர். அவரு சொல்லுவாரு."

டீச்சர் கை நீட்டிக் குழாயை மூடினாள்.

"எரியலை" என்றாள் டீச்சர். "எனக்குத் தெரியும்."

கரண்டு அக்கா திரும்பினாள்.

"அன்னிக்குப் பதினொண்ணே காலுக்கு அவர் எனக்குப் போன் பண்ணினாரு. பெட்ரோல் பங்க்ல யாரோ சொன்னாங்களாம், பின்னாடி சிவப்பு எரியலை தம்பின்னு. உங்களுக்குப் போட்டாராம், நீங்க எடுக்கலை."

கண் டாக்டரின் அறை. 'போனை அணைத்து வைக்கவும்' என்று சுவரில் எழுதியிருந்தார்கள். இருட்டில் உட்கார்ந்து, பெரிதிலிருந்து சிறிதாக எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"'மூணு கைப்பிடி இருக்கு, எதைத் தூக்கறதுன்னு தெரியலை, அக்காவைப் பிடிச்சுக் கேட்டுச் சொல்லு'ன்னாரு. மாமாகிட்ட கேளுங்களேன்னேன். 'ஐயோ, கர்னல்கிட்டயா? இதுகூடத் தெரியாதாடான்னு அடுத்த வருஷம்வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு, நீ அக்காகிட்ட கேளு'ன்னு சிரிச்சாரு." டீச்சரின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை, கரும்பலகையில் எழுதியதைப் படிப்பதுபோல் சொன்னாள். "எனக்குப் பரீட்சை நடந்துக்கிட்டு இருந்துது. பிள்ளைங்க எல்லாம் என்னையே பாக்குதுங்க. முடிஞ்சதும் கேக்கறேன், வைங்கன்னேன். 'சரி டீச்சர், அதுவரைக்கும் மெதுவா உருட்டறேன்'னாரு."

மேஜையில் கிடந்த கட்டு அந்தப் பரீட்சையின் கட்டு.

"மணி அடிக்க இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருந்துது. அடிச்சதும் வெளில வந்தேன். உங்க நம்பரைப் போடறதுக்குள்ள எனக்குப் போன் வந்துடுச்சு. வேற ஆளு பேசினாங்க."

"ஏன் டீச்சர் சொல்லலை? இத்தனை நாளா ஒருத்தர் உள்ள..."

"உனக்கு எப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி வருமேக்கா."

அதன்பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், நின்ற இடத்திலேயே, முந்தானையைக்கூட எடுக்காமல். கரண்டு அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கை ஈரம் டீச்சரின் முதுகில் பட்டது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

"மாமாவுக்குத் தெரிஞ்சா என்னைப் பாக்கக்கூட மாட்டாரு" என்றாள் டீச்சர், அவள் தோளில் முகம் புதைத்தபடி. "அவர் தட்டுல சோறு போடும்போதெல்லாம் என் கை நடுங்குது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போட்டுக்கிட்டே இருக்கேன்."

ஒரே சோற்றுத் தட்டின் இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்த்து நடுங்கிக்கொண்டே இருபத்திரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடலாமா? சொன்னால் இவள் பாரம் கொஞ்சம் குறையும். ஆனால் அது அவர் வாயால் வர வேண்டியது. இவளைப் பற்றி அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா? அதுவும் இவள் வாயால் வர வேண்டியது. இன்று ஒருமுறை, இன்னொருவருடைய உண்மையை எடுத்து வெளியே வைத்தாயிற்று. மறுபடி அதைச் செய்ய அவளுக்குத் தெம்பு இல்லை.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

டீச்சர் சட்டென்று விலகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழக்கதோஷத்தில் ஒரு தட்டை எடுத்தாள். என்ன நினைத்தாளோ, அதைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள், பின்னாலேயே கரண்டு அக்காவும்.

பட்டாளத்தார் பூட்ஸைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்தார். மருமகள் முன்னால் வந்து, மேலதிகாரிக்கு முன் நிற்பதுபோல் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நான் பட்டறையிலேயே படுத்துக்கறேன். நீ என்னை..."

"மாமா, உக்காருங்க."

"இல்லை, நின்னுக்கிட்டே..."

"உக்காருங்க மாமா" என்றாள் டீச்சர், இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டபடி. "நானும் ஒண்ணு சொல்லணும். நான் முதல்ல சொல்லிடறேன்."

அவர் மகளைப் பார்த்தார். 'சொல்லிவிட்டாயா?' என்று அந்தக் கண் கேட்டது. கரண்டு அக்கா இல்லையென்று தலையசைத்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பூட்ஸ் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டீச்சர் எதிரே உட்கார்ந்தாள்.

கரண்டு அக்கா அடுக்களைக்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடியது. நின்றது.

பிறகு நாற்காலி ஒன்று பின்னுக்குத் தள்ளப்படும் சத்தம். யாரோ எழுந்தார்கள். அப்பாவா, டீச்சரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.